எங்கள் தெருவின் ஒரே ஓட்டு

வெள்ளைக்காரன் காலத்து அந்தத் தேர்தலில் எங்கள் தெருவுக்கு இருந்தது ஒரே ஓட்டு. அது என் பெயரில் இருந்தது. நிலத்துக்குத் தீர்வை கட்டுகிறவனுக்குத்தான் அப்போது ஓட்டு; தீர்வை கட்டும்படியான நிலம் எங்களில் எவருக்கும் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்கும் ஓட்டு உண்டு என்று சொன்னார்கள். எட்டாவது முடித்திருந்த நான் மனுப் போட்டேன். போடச் சொன்னவர் என் பழைய வாத்தியார். பருத்தி எடுக்க ஆள் போதவில்லை என்று என்னைப் பெற்ற அய்யா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியபோது, காடு வரைக்கும் நடந்து வந்து, அய்யாவோடு வாதாடி, என்னைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான்.

கல்லுப்பட்டிக்கு மேற்கே கரிசல் பூமி எங்களுடையது. எங்களுடையது என்றால் நாங்கள் கூலிக்கு வேலை செய்கிற பூமி. ஊர்க் கிணற்றில் எங்கள் வாளி இறங்கக் கூடாது. எங்கள் பெண்கள் நிலமுள்ள சம்சாரிகளின் தோட்டங்களுக்குப் போய், மாடு கட்டிக் கமலை இறைக்கிற நேரம் பார்த்து, வாய்க்கால் ஓரம் வெறுங்குடத்தோடு நிற்பார்கள். இறைக்கிறவர் மனசு வைத்தால் குடம் நிறையும். என் ஆத்தாவின் பாதிப் பொழுது அந்த வாய்க்கால் ஓரத்திலேயே போனது.

தெருவுக்காக யாராவது பேசப் போனால் எங்களிடம் ஒரு முறை உண்டு. பண்ணை வீட்டுக்குப் போனாலும் தாசில்தார் கச்சேரிக்குப் போனாலும், போனவர் திரும்பியதும் வீட்டுக்குள் நுழையக் கூடாது. நேரே தெரு கூடும் பொட்டலான மந்தைக்கு வந்து, காவல் சாமி முன்னால் எரிகிற சூடத்தைப் பார்த்தபடி, தான் சொன்னதையும் அவர்கள் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பிக்க வேண்டும். பிறகு காலுக்குத் தண்ணீர் ஊற்றி வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். எழுத்தறியாத ஜனத்துக்கு அதுதான் தஸ்தாவேஜு.

ஓட்டுக்கு முந்தின நாள் தெரு மந்தையில் கூடியது. கட்சிக்கு ஒரு நிறப் பெட்டி வைப்பார்கள்; எங்கள் ஓட்டு எந்த நிறப் பெட்டிக்கு என்பது வெகு சீக்கிரம் முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் எனக்குச் சங்கடம் தொடங்கியது. உள்ளே போனதும் கிணற்றைப் பற்றி என்ன சொல்ல வேண்டும், எதை முதலில் சொல்ல வேண்டும் என்று ஆளுக்கு ஆள் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அங்கே பேசுவதற்கு இடமில்லை, மறைவாகப் போய்ச் சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வருவதுதான் வேலை என்று நான் விளக்கினேன். யாரும் நம்பவில்லை. பயப்படுகிறேன் என்று நினைத்தார்கள். ஆத்தாவின் தம்பி, என் மாமா, சிரித்தபடி கேட்டார்.

"சர்க்காரு ஆளுக அம்புட்டுப் பேரும் வந்து உக்காந்திருப்பாக. நீ வாயத் தொறக்காம ஒரு தாளப் போட்டுட்டு வாரேங்கிற. தாளு போடவா மாப்ள எட்டாப்பு வரைக்கும் படிச்ச?"

எல்லோரும் சிரித்தார்கள். அய்யா மட்டும் சிரிக்கவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி, சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

ஓட்டுப் போடும் இடம் நான் படித்த பள்ளிக்கூடம். தெரு ஆண்கள் பத்துப் பதினைந்து பேர் என்னோடு நடந்து வந்து, எதிர்ப்புறத்து வேப்பமரத்தடியில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். வரிசையில் என் முன்னும் பின்னும் சம்சாரிகள். நான் தனியாகச் சுவரோரம் உட்கார்ந்து பாடம் படித்த அதே அறை. மேசைக்குப் பின்னால் என் வாத்தியார். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. சீட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டேன், ஆனால் நகரவில்லை. சன்னல் வழியே வேப்பமரம் தெரிந்தது.

"சார், எங்க தெருவுக்குக் குடிதண்ணிக் கெணறு வேணும்னு சொல்லச் சொன்னாங்க" என்றேன்.

முணுமுணுப்பாகத்தான் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. என்ன என்று கேட்டார். இந்த முறை அறை முழுக்கக் கேட்டுவிட்டது.

"பாத்துய்யா, பெட்டிக்குள்ள கெணறு வெட்டிரப் போறான்" என்றார் எனக்குப் பின்னால் நின்றவர். வரிசையே சிரித்தது. பக்கத்தில் இருந்த குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். வாத்தியார் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். தான் வளர்த்த கன்று ஊர் நடுவில் இடறி விழுந்ததைப் போலப் பார்த்தார்.

"ஏண்டா, நீயுமா?" என்றார், மெதுவாக.

"எனக்குத் தெரியும் சார். அவுங்கதான் ஒண்ணும் தெரியாத ஜனங்க."

அதைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. தலையை அசைத்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் மறைப்புக்குள் போய்ச் சீட்டைப் போட்டேன். தெரு சொன்ன பெட்டியில்தான் போட்டேன்.

திரும்பும் வழியில் யாரும் எதுவும் கேட்கவில்லை. மந்தைக்கு முன்னால் கேட்பது முறை இல்லை. பருத்திக்காட்டைப் பற்றி, வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். மாமா தன் துண்டை என் தலையில் போட்டுவிட்டார். அந்தக் கடைசி வார்த்தையை விட்டுவிட்டு ஒப்பிக்கலாம் என்று வழிநெடுக எண்ணிக்கொண்டே வந்தேன். யாருக்குத் தெரியப்போகிறது?

மந்தையில் பெண்களும் வந்து நின்றிருந்தார்கள். சூடம் ஏற்றினார்கள். நான் ஆரம்பித்தேன். கிணறு கேட்டதைச் சொன்னேன். பெட்டிக்குள் கிணறு வெட்டுகிற பேச்சைச் சொன்னேன்; ஓரிருவர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். வாத்தியார் கேட்டதைச் சொன்னேன். அங்கே நிறுத்தினேன்.

"அதுக்கு நீ என்ன சொன்னய்யா?" என்றார் அய்யா.

சூடத்தைப் பார்த்தேன். பார்த்தபடியே, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல, ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். எனக்குத் தெரியும் சார். அவுங்கதான் ஒண்ணும் தெரியாத ஜனங்க.

யாரும் வையவில்லை. மாமா தரையைப் பார்த்தார். சூடம் அணைந்தது. பிறகு அய்யா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கெணத்தச் சொல்லிட்டேல்ல?"

"சொல்லிட்டேன்யா."

"சரி."

அத்தோடு கூட்டம் கலைந்தது. வாசலில் நான் நின்றேன். இன்றைக்குத் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள் என்று நினைத்தேன். ஊற்றாமல் இருந்தால் நல்லது என்றும் நினைத்தேன். ஆத்தா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். விடியலில் வாய்க்கால் ஓரம் நின்று வாங்கி வந்த தண்ணீர். வீட்டில் அது ஒன்றுதான் இருந்தது. ஒரு செம்பு போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்கவில்லை. முறை என்றால் முறைதான்.

"கால நீட்டுய்யா" என்றாள்.

நீட்டினேன். கரிசல் புழுதி கரைந்து ஓடும்வரை ஊற்றினாள். பிறகு வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள். கமலை சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது.

இப்போது மதுரையில் வேலை பார்க்கிறேன். வாசகசாலைக் கூட்டங்களில், ஒரு குடிமகனின் ஓட்டு எவ்வளவு பெரியது என்று பேச என்னைக் கூப்பிடுகிறார்கள். படித்தவன், நன்றாகப் பேசுவான் என்று. போய்ப் பேசவும் செய்கிறேன். பேசும்போது மேசைக்கடியில் என் கால்களை உள்ளே இழுத்துக்கொள்கிறேன்.