பழத்துக்கும் தண்ணீர் கழித்த கதை

கினிகத்தேனைச் சந்தையில் வாங்கிய பிளம்ஸை மேசையில் கொட்டிவிட்டு, கைபேசியைப் பார்த்தபடியே மகள் கேட்டாள்: "அம்மா, இதுல ஜாமுக்கு மூணு கப்பு பழம்னு போட்டிருக்கு. நான் ஒரு கிலோ வாங்கிட்டேன். ஒரு கிலோன்னா எத்தன கப்பு?"

முழுசாகப் போட்டால் ஒரு கணக்கு, நறுக்கிப் போட்டால் வேறு கணக்கு என்று பெரிய சமையல்காரி மாதிரிச் சொல்லிவைத்தேன். உண்மையில் எனக்குத் தெரியாது. அதற்குள் ஒரு பழத்தில் கத்தி இறங்கி, அந்தப் புளிப்பு வாசம் எழும்பியது. அவ்வளவுதான், நான் வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் போய்விட்டேன்.

லயத்துக்குப் பின்னால் ஒரு பிளம்ஸ் மரம் நின்றது. பனி மூடினால் மரம் தெரியாது, பழம் விழும் சத்தம் மட்டும் கேட்கும். அக்கா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் புறப்பட்ட சமயம் அது. இந்த மரத்துப் பழத்தில் ஜாம் காய்ச்சி ஒரு போத்தலாவது கொண்டுபோக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "அங்க நம்மளுதுன்னு எதுவும் இருக்காதுடி."

தோட்டத்துரை பங்களாச் சமையல்காரர் சொன்ன கணக்கு சுலபமானது. பழம் எத்தனை கிலோவோ, சீனியும் அத்தனை கிலோ. ஆனால் எங்கள் வீட்டில் தராசு ஏது? அரிசியோ சீனியோ, எல்லாவற்றுக்கும் பால் டின்தான். அதைச் சுண்டு என்போம். சீனி கிலோவுக்கு நாலு சுண்டு. பழத்தைப் போட்டாலோ மூன்று பழத்திலேயே டின் நிரம்பிவிடும், பாதி வெறும் காற்று.

ஆகவே பனியில் நனைந்த பழங்களைக் கூடையில் போட்டுக்கொண்டு, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போனோம். கணக்கப்பிள்ளை கூடையைக் கொக்கியில் மாட்டி முள்ளைப் பார்த்தார். "ரெண்டு கிலோ" என்றார். அவர் சொல்லும் எண்ணை அங்கே யாரும் திருப்பிக் கேட்டதில்லை. நாங்களும் தலையாட்டிவிட்டு வந்து எட்டுச் சுண்டு சீனி போட்டோம்.

கிண்டிக் கிண்டிக் கை ஓய்ந்தும் ஜாம் இறுகவில்லை. நாக்கில் வைத்தால் பல் கூசும் புளிப்பு. போத்தலைக் கவிழ்த்தால் குழம்பாக ஓடியது. அக்கா கரண்டியோடு யோசித்தபடி நின்றாள். திடீரென்று, "அடியே! அந்த மனுசன் கொழுந்துன்னு நெனச்சு, ஈரத்துக்குக் கழிச்சிட்டாருடி!" என்று சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. ஈரக் கொழுந்துக்குத் தண்ணீர்ப் பாரமென்று கிலோவைக் கழிப்பது மடுவத்து வழக்கம்; பழம் கூட, சீனிதான் குறைந்திருக்கிறது. இன்னும் போட வீட்டில் சீனியும் தீர்ந்திருந்தது.

எனக்கோ உள்ளுக்குள் ஒரே சந்தோசம். ஜாம் இறுகாமல் அக்கா எப்படிப் போவாள்? அந்தச் சின்ன வயதில் எனக்கிருந்த அறிவு அவ்வளவுதான். விடிந்ததும் அவள் போய்விட்டாள். "நீங்களே தின்னுங்க. வந்து ஒழுங்காக் காச்சிக்கலாம்."

அக்கா லீவில் வந்தபோதெல்லாம் பழக்காலமாக அமையவில்லை. பிறகு மரத்தை வெட்டிவிட்டார்கள். கொக்கித் தராசும் போய்விட்டது. எங்கள் அம்மாவும் போன பின் அக்கா வருவதே நின்றுபோனது.

மகள் எப்படியோ கணக்கைக் கண்டுபிடித்துக் காய்ச்சிவிட்டாள். சாயங்காலம் வீடியோவில் அக்காவிடம் காட்டினேன்.

"போத்தலக் கவுத்துக் காட்டுடி."

கவிழ்த்தேன். அசையவே இல்லை.

"நல்லா இறுகிருச்சு" என்றாள். "இனி நான் எங்க வந்து திங்கப்போறேன்."

இந்த ஜாமும் ஓடியிருக்கக்கூடாதா என்று இருந்தது எனக்கு.