கொட்டகையிலிருந்து முப்பது அடி

பினாங்கில் ஒரு கார்ப் பட்டறையில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். புதுக்கோட்டையில் ஒரு பஸ் ஷெட்டில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். பழைய சீமைக் கார்களைப் பிரித்துப் பார்த்த ஆள் என்று யாரோ சொல்லி, அறுபதுகளின் தொடக்கத்தில் குளத்தூரிலிருந்து ஓர் அம்மாள் எனக்குச் சொல்லியனுப்பினார்.

அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணம் ஆகாதவர். தகப்பனார் சமஸ்தானத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் போனதோடு உத்தியோகமும் போய், பிறகு வாசலுக்கே வராமல் இருந்து, நான் போவதற்கு முந்தின வருஷம் இறந்திருந்தார். வீட்டுக்குப் பின்னால் ஓட்டுக் கொட்டகை. பூட்டில் சாவி நுழையவில்லை. தாழ்ப்பாளை அறுத்துத்தான் திறந்தோம்.

உள்ளே ஆறு சிலிண்டர் சீமைக் கார். மூக்கு நீண்ட வண்டி. முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அப்படியே நின்றிருக்கிறது. ஸீட்டுத் தோலை எலி தின்று, உள்ளிருந்த குதிரை மயிரை இழுத்துக் கூடு கட்டியிருந்தது. நான்கு டயரும் தரையோடு ஒட்டிக் கிடந்தன. ஒரு சுற்றுச் சுற்றிவந்துவிட்டு, இது எழுந்திருக்காது என்று சொன்னேன்.

"அது எனக்கும் தெரியுது பாய். சுலபமா எழுந்திருக்கும்னா இங்கிட்டு உள்ள ஆளயே கூப்பிட்டிருப்பேனே" என்றார்.

காரைப் பூட்டிய கதையைப் பல நாட்களில் துண்டு துண்டாகச் சொன்னார். பதினாறு வயதில் டிரைவரிடம் கேட்டுக் கேட்டு ஓட்டப் பழகியிருக்கிறார். ஒருநாள் டிரைவர் இல்லாத நேரம், தனியாகவே காரை எடுத்துக்கொண்டு நார்த்தாமலை வரை போய்த் திரும்பியிருக்கிறார். தகப்பனார் அடிக்கவில்லை, திட்டவில்லை. சாவியை வாங்கிக்கொண்டார். கொட்டகையைப் பூட்டினார். டிரைவரை அனுப்பிவிட்டார். தானும் அதற்குப் பின் அந்தக் காரில் ஏறவில்லை. பெண் கேட்டு வந்தவர்கள், கார் ஓட்டின பெண்ணா என்று விசாரித்துவிட்டுத் திரும்பினார்கள். பிறகு வருவதும் நின்றுபோனது. இதையெல்லாம் வேறு யாருக்கோ நடந்ததுபோல அந்த அம்மாள் சொன்னார்.

சென்னையில் இருந்த தம்பி கடிதம் போட்டிருந்தார். சித்திரையில் திருச்சி பழைய இரும்பு வியாபாரியோடு வருவதாகவும், காரைக் கொடுத்துவிட்டு இடத்தையும் விற்கப்போவதாகவும் எழுதியிருந்தார். அதற்குள் ஒரு தடவை, ஒரே தடவை ஓட்ட வேண்டும். அந்த அம்மாள் கேட்டது அவ்வளவுதான்.

தை மாதத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா முடிந்து பஸ் ஏறுவேன். பிஸ்டன்கள் துருவில் பிடித்திருந்தன. பிளக் ஓட்டைகளில் விளக்கெண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி மூன்று வாரம் விட்டோம். கழற்றிய சாமான்களை அவரே மண்ணெண்ணெயில் கழுவினார். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு அடுத்த வெள்ளிக்கிழமையும் போகாமல் இருக்கும். சீமைக் கம்பெனிக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதினார். அந்த வருஷத்து வண்டிக்குச் சாமான் செய்வதை நிறுத்திவிட்டதாகப் பதில் வந்தது. அதை எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு மடித்து வைத்துக்கொண்டு, மறுபடி கழுவ உட்கார்ந்தார்.

பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மாக்னெட்டோவை மதுரைக்குக் கொண்டுபோய்ப் புதுக் கம்பி சுற்றி வந்தேன். ஒரு சிலிண்டரில் விரிசல் விழுந்திருந்ததால் அதை அடைத்துவிட்டு ஐந்தோடு ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். ரேடியேட்டருக்கு ஈயம் பற்றவைத்தும் ஒழுகியது. அந்த அளவு டயர் எங்கும் கிடைக்காததால் பழைய டயருக்குள் வைக்கோலையும் கந்தல் துணியையும் திணித்துக் கட்டினோம்.

சக்கரத்தின் ஆரங்கள் மரம். கடைசி வெள்ளிக்கிழமை சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். மூன்று சக்கரமும் கெட்டியாகக் கேட்டன. வலது பின் சக்கரம் பொத்தென்றது. உள்ளே கரையான். எனக்கு அது அப்போதே தெரியும். ஆனால் தம்பி வர நான்கு நாள்தான் இருந்தது. புதுச் சக்கரம் செய்ய வழியில்லை. அதைவிட, அந்த என்ஜின் ஓடுவதைக் கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்கே வந்துவிட்டது. அந்த அம்மாளிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் லீவு போட்டுவிட்டுப் போனேன். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள் கழன்றுவிடும்போல் ஆன பிறகு என்ஜின் பிடித்தது. கொட்டகை முழுக்கப் புகை. அந்த அம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். கிளட்சை மிதித்து கியர் போட்டதில் தடுமாற்றமே இல்லை. கார் மெல்ல வெளியே வந்தது. வெயில் காரின் மூக்கில் பட்டது. முப்பது அடி போயிருக்கும். விறகு பிளக்கிற சத்தம் கேட்டது. வலது பின் சக்கரம் மடிந்து, கார் அந்தப் பக்கமாக உட்கார்ந்தது.

என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. இறங்குங்கள், நிறுத்திவிடலாம் என்றேன்.

"கொஞ்ச நேரம் ஓடட்டும் பாய்."

தண்ணீர் கொதித்து, ஆவி கிளம்பி, உள்ளே ஏதோ தட்டத் தொடங்கி, என்ஜின் தானாகவே நின்றது. அதற்குப் பிறகுதான் இறங்கினார்.

சொன்னபடி தம்பி வந்தார். சாய்ந்த வண்டியை லாரியில் ஏற்ற முடியாமல் வியாபாரியின் ஆட்கள் முற்றத்திலேயே சம்மட்டியால் அடித்துப் பிரித்தார்கள். இரண்டு நாள் ஆயிற்று. என் சாமான்களை எடுக்கப் போனபோது அந்த அம்மாள் அடுப்படியில் இருந்தார். சக்கரம் கெட்டிருந்தது எனக்கு முன்பே தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

"சொல்லியிருந்தா நான் ஏறாம இருந்திருப்பேன்னா நெனக்கிறீங்க?" என்று கேட்டார். மனசு லேசானது. அவர் அதோடு விடவில்லை. "ஆனா நீங்க சொல்லியிருக்கணும். எங்கப்பாதான் எனக்கு ஒண்ணும் சொல்லாமப் பூட்டினாரு. நீங்களுமா பாய்?"

பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டையும் விற்று, அவரைத் தம்பி சென்னைக்குக் கூட்டிப்போனார். இரண்டு வருஷம் கழித்து ஷெட் முகவரிக்கு ஒரு கார்டு வந்தது. தம்பி கார் வாங்கியிருப்பதாகவும், வெள்ளிக்கிழமைகளில் பின் ஸீட்டில் உட்கார்ந்து கோயிலுக்குப் போய்வருவதாகவும், தம்பியின் பிள்ளைகள் நன்றாகப் படிப்பதாகவும் எழுதியிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன். நலம், நலமறிய ஆவல் என்று எழுதினேன். அதற்கு மேல் ஒரு வரியும் வரவில்லை. அதையே தபாலில் போட்டேன். பிறகு அவரிடமிருந்து கடிதம் எதுவும் இல்லை.