சுங்கச் சோதனையில் அண்ணன்

சென்ற மார்கழியில் புதுச்சேரிக்குப் போனேன். காற்று வாங்க அல்ல. முத்தியால்பேட்டையில் தனியறை எடுத்துக் குமாஸ்தா வேலை பார்த்துவந்த அண்ணனை, விழுப்புரத்தில் அம்மாவிடம் கொண்டுசேர்க்க.

விழுப்புரத்திலிருந்து இருபத்து நான்கு மைல். காலை ஏழரை வண்டி, ஒன்பதேகாலுக்கு இறங்கினேன். முத்தியால்பேட்டைக்குப் புஷ் வண்டியில் மூன்றணா. ஆள் பின்னாலிருந்து தள்ளுவார். பேச்சு முதுகுப்பக்கமிருந்து வரும்.

"மடியில என்னா சாமி, டின்னு?"

"நெய். அண்ணனுக்கு. சரியாவே சாப்பிடறதில்ல."

"தனியா கெடந்தா யாருக்கு எறங்கும்?"

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆறு மாதமாகக் கடிதங்களில் திட்டியிருந்தேன்.

போனபோது அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. தட்டு நிறையச் சோறு; மிச்சம் வைக்கவில்லை. டின்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எனக்கு ஊத்துறதும் கடல்ல ஊத்துறதும் ஒண்ணுதான்டா."

பிறகு மருத்துவர் சொன்னதைச் சொன்னார். நுரையீரலில் புற்று; காசநோயல்ல. சும்மா படுத்திருந்தாலும், ஓடுகிறவனுடையதைப்போலத் தின்றதையெல்லாம் உடம்பு எரித்துவிடுகிறது. சோறு போதாமல் தசையைத் தின்கிறது. ஊட்டி நிரப்ப முடியாது.

"அம்மாகிட்ட இருமல்னு மட்டும் சொல்லு. வர்றேன். ஆனா எலும்பா நிக்கிறத அவங்க பாக்கக் கூடாது."

சரி என்றேன்.

அவர் தூங்கியபோது குருசுக்குப்பம் கடற்கரைக்கு நடந்தேன். மணலில் படகுகள். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நாலரை வண்டிக்குத் திரும்பினோம். பிரெஞ்சு எல்லையைத் தாண்ட வேண்டுமானால் சுங்கச் சோதனை உண்டு. சேவகர் அண்ணனை நிறுத்தினார்.

"மூஞ்சி ஒட்டிக் கெடக்கு, ஒடம்பு மட்டும் புதுமாப்ள மாதிரி. உள்ள என்னய்யா சுத்தியிருக்க, பட்டா?"

வரிசை சிரித்தது. ஒரு கணம் நானும் அண்ணனைச் சந்தேகப்பட்டேன்.

"அவுத்துப் பாத்துக்குங்க," என்றார் அண்ணன்.

கோட்டு. இரண்டு சட்டை. அதற்குள், மார்பிலிருந்து இடுப்புவரை சுற்றிய பழைய வேட்டி. சேவகர் முனையைப் பிடித்து இழுத்தார். அண்ணன் நின்ற இடத்திலேயே மெல்லச் சுழன்றார். வேட்டி தீர்ந்தது. பட்டு இல்லை. விலா எலும்புகள். சிரிப்பு நின்றது.

சேவகர் வேட்டியை என் கையில் கொடுத்தார். "கட்டி வுடுங்க தம்பி. வண்டி நிக்கும்."

சுற்றினேன். ஆறு சுற்று வந்தது.

"இன்னும் இறுக்குடா. அம்மா கட்டிப் புடிச்சா நழுவிடப் போவுது."

போகிறவர்களுக்கு: சோதனைக்கு அரைமணி ஒதுக்குங்கள். புதுத் துணி இருந்தால் கேட்பதற்குமுன் சொல்லிவிடுங்கள். நோயாளியை அழைத்துவரப் போனால், புறப்படுமுன் அறையிலேயே அவருடைய கோட்டைக் கழற்றிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை; ஒரு வரிசையே என்னோடு சேர்ந்து பார்த்தது.

விழுப்புரம் நிலையத்தில் அம்மா அண்ணனைக் கட்டிக்கொண்டாள். கை முதுகிலேயே நின்றது. நான் இருமல் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"உள்ள சுத்தியிருக்கறத அவுத்துடு ராசா," என்றாள். "மூச்சு முட்டும்."