அண்ணன் மருந்து அடித்த வயல்

திருவிடைமருதூருக்கு அருகே எங்கள் ஊர் வயல்களுக்கெல்லாம் பூச்சிமருந்து அடித்தவர் என் அண்ணன். முதுகில் டேங்க், வாயைச் சுற்றிக் கட்டிய ஒரு துண்டு, வெறுங்கால். சாயங்காலம் உடம்பு வலிக்கிறது என்று கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குவார்.

நாற்பத்திரண்டு வயதில் கால் வீங்கியது. சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. இரண்டு இடங்களில் அல்சர் என்றார்கள். மூன்றாவதாகக் கும்பகோணத்தில் பார்த்த டாக்டரம்மாதான் ரத்தப் பரிசோதனைத் தாளை நெடுநேரம் பார்த்தார்.

"சுகர் இல்ல, பிரஷர் இல்ல. ஆனா கிட்னி கெட்டு ரத்தத்துல உப்பு, அதான் கிரியாட்டினின், ரொம்ப ஏறியிருக்கு. என்ன வேலை பாக்குறீங்க?"

"மருந்து அடிக்கிறேங்க."

அதன்பிறகு என்ன தண்ணீர் குடிக்கிறார், எத்தனை மணிவரை வெயிலில் நிற்கிறார், எவ்வளவு நாளாக மாத்திரை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"எதால வந்துச்சுன்னு அறுதியா சொல்ல முடியாது. மருந்து, வெயில், வலி மாத்திரை எல்லாமே சந்தேகந்தான். எல்லாத்தையும் விட்டுருங்க. மிச்சமிருக்கறத காப்பாத்தலாம்."

அண்ணன் விட்டார். கைப்பம்புத் தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தோம். அதில் குறையில்லை என்று வந்தது. நாலு மாதம் உப்பு ஏறாமல் நின்றது. எனக்கு நம்பிக்கை வந்தது.

கார்த்திகையில் என் சம்பா வயலில் புகையான் பூச்சி விழுந்தது. என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில். மருந்தடிக்க வருவதாகச் சொன்ன ஆள் மூன்று நாளாக வரவில்லை. அண்ணனிடம் போனில், "பயிரு கருகுதுண்ணே" என்று அழுதேன். அதை நான் சொல்லியிருக்கக்கூடாது.

மறுநாள் காலை வயலுக்குப் போனபோது அவர் பாதி வயல் அடித்து முடித்திருந்தார்.

"ஏண்ணே, டாக்டரம்மா சொன்னது மறந்துபோச்சா?"

"ஒருநாள்தானே. நீ அழுவுறத கேட்டுக்கிட்டு எப்படி சும்மா இருக்கறது?"

அன்று மதியமே வாந்தி. தையில் நெல் நன்றாக விளைந்தது. அறுவடையன்று அவர் தஞ்சாவூரில் டயாலிசிஸ் கட்டிலில் கிடந்தார். பங்குனியில் போய்விட்டார்.

"அந்த ஒருநாளாலயா டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

"ஒருநாள்ல வர்ற நோய் இல்லம்மா. அதால மோசமாச்சான்னும் சொல்ல முடியாது."

இல்லை என்று அவர் சொல்லவில்லை. அதை நினைத்துத்தான் இன்னும் அழுகிறேன்.

பிறகு, ஊரில் மருந்தடிக்கும் இன்னும் இரண்டு பேரை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். ஒருவருக்கு உப்பு ஏறத் தொடங்கியிருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது அவர் கேட்டார்:

"உங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுதாம்மா?"

"ஆமாண்ணே. இனிமே யாரு அழுதாலும் அடிக்கப் போவாதீங்க."