சிவத்த இறுங்கு

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி, முசலிப் பக்கத்தில் எங்கள் பழைய காணியில் தகரக் கொட்டில் போட்ட வருடம் நிவாரண அரிசி நின்றுபோனது. கடலுக்குப் போக வள்ளமில்லை. அதனால் இறுங்கு விதைத்தேன். முகாமில் சோளம் என்பார்களே, அதுதான். விதை தந்தவர், "சிவத்ததைப் போடுங்கோ, குருவி தொடாது" என்றார். மனைவிக்கு இரண்டாம் மாதம். காவலுக்கு வேறு ஆளில்லை. குருவி தொடாத பயிர் என்றது எனக்கு வசதியாகப் பட்டது.

உண்மையாகவே ஒரு கிளிகூட இறங்கவில்லை. அதை ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அறுத்தபின் மூன்று நேரமும் அதுதான் சாப்பாடு. கஞ்சி, களி, மிஞ்சிய களி.

"இஞ்சருங்கோ, கயர்க்குது, நாக்கெல்லாம் துவர்க்குது. தோலைக் குத்தி எடுத்துப்போட்டுக் காய்ச்சட்டே?" என்று அவள் கேட்டாள்.

"தவிட்டை எறிஞ்சிட்டு என்னத்தைத் தின்னப்போறாய்? சத்தே அதிலதான்."

முகாமில் கூட்டம் வைத்து, அரிசியைத் தவிட்டோடு சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். அரிசிக்குச் சொன்னதை நான் இறுங்குக்கும் பொருத்திக்கொண்டேன். அரைகுறைப் படிப்பு. அவள் மறுபடி முகம் சுளித்தபோது, "குருவிதான் தின்னாதெண்டால் நீயுமோ?" என்று எரிந்து விழுந்தேன். அதன்பிறகு அவள் கயர்ப்புத் தெரியாமலிருக்க வாய்க்கு வாய் பிளேன்ரீ, பால் விடாத தேத்தண்ணி, குடித்தாள். கிளினிக்கில் தந்த இரும்புச்சத்துக் குளிசையையும் அதோடுதான் விழுங்கினாள்.

எட்டாம் மாதத்தில் பத்தடி நடந்தாலே அவளுக்கு மூச்சு வாங்கியது. மருத்துவமாது அவளுடைய கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"இரத்தம் காணாது. என்ன சாப்பிடுறவ?" என்று என்னிடம் கேட்டார்.

பெருமையோடுதான் சொன்னேன், தவிட்டோடு என்பதையும் சேர்த்து. அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"சிவத்த இறுங்கின்ர தோலில இருக்கிற கயர் சத்தைப் பிடிச்சு வைச்சுக்கொள்ளும் ஐயா. இரும்பும் உடம்பில சேராது, புரதமும் சேராது. தேத்தண்ணியும் இரும்பைத் தடுக்கும். தோலைக் குத்தி எடுத்து, ஊறவைச்சுக் காய்ச்சுங்கோ. குளிசையைத் தண்ணியோட குடுங்கோ."

அன்று பின்னேரமே உரலும் உலக்கையும் இரவல் வாங்கிக் கை கொப்பளிக்கக் குத்தினேன். என்மேலேயே எனக்கு அப்படியொரு ஆத்திரம். இருபது நாள் அவர் சொன்னபடியே கொடுத்தேன். இருபது நாளில் எவ்வளவு இரத்தம் ஊறும்? பிள்ளை பிறந்தபோது போன இரத்தத்தை அவளால் தாங்க முடியவில்லை. பிள்ளை தப்பியது.

செத்த வீட்டில் அயலவர் ஒருவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மனதைத் தேற்று தம்பி. இந்தக் கஷ்டத்திலயும் நீ அவளை ஒருநாள் பட்டினி போடேல்லை" என்றார்.

"ஓம் அண்ணை" என்றேன். அவள் வேண்டாமென்று தள்ளிய கஞ்சிக் கோப்பையை நான் திரும்பத் திரும்ப அவள் முன்னால் தள்ளி வைத்ததை அவருக்குச் சொல்லவில்லை. பிள்ளைக்கும் இன்றுவரை சொல்லவில்லை.