விநாயகமூர்த்தியின் பின்னால் போனவர்கள்

மங்கரே விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கிய விநாயகமூர்த்தி ஒரு சமயப் பிரிவைத் தொடங்கியவர். அது ஒரு புதன்கிழமை மட்டும் உயிரோடு இருந்தது.

எண்பத்தைந்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஈழத்தவர்களான நம்மவர்களுக்குக் கோயில் கிடையாது. ஹில்ஸ்பரோவில் மகேசன் மாஸ்டர் வீட்டு ஹோலில்தான் பூசை. அவ்வாண்டு விநாயக சதுர்த்தி புதன்கிழமை வந்தது. கூட்டம் கூடி அதைச் சனிக்கிழமைக்குத் தள்ளியது.

"பிள்ளையாரை வீக்கெண்டுக்கு மாத்துறதோ? சதுர்த்தி என்ன பார்பிக்யூவோ?" என்று எழுந்தார் விநாயகமூர்த்தி.

"புதன்கிழமை ஆருக்கு லீவு தருவினம்?" என்றார் மகேசன்.

"அப்ப நீங்கள் செக்ட்! பிரிஞ்சுபோன சமயக் கூட்டம்! மரத்தில இருந்து வெட்டுப்பட்ட கொப்பு!"

மகேசன் தடித்த அகராதியைக் கொண்டுவந்து விரித்தார். வாத்தியார்களுக்குச் சண்டையிலும் ஆதாரம் வேண்டும்.

"கனபேர் அப்பிடித்தான் நினைக்கினம். லத்தீனில அது வெட்டுறதில இருந்து வரேல்லை. பின்னால போறதில இருந்து வந்தது. ஒருத்தரைப் பின்பற்றிப் போற கூட்டம்தான் செக்ட். சரி, உமக்குப் பின்னால ஆர் வருகினம், ஐசே?"

விநாயகமூர்த்தி திரும்பிப் பார்த்தார். அவருடைய மனைவி சரோஜாதேவி, சனிக்கிழமை மோதகத்துக்கு எவ்வளவு மா வேண்டும் என்று மாஸ்டரின் மனைவியோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

பிரிந்து போகிறவன் தன்னைக் கத்தியாக நினைத்துக்கொள்கிறான். அங்கே யாரும் எதையும் வெட்டவில்லை. அவர் பஞ்சாங்கத்தின் பின்னால் போனார். மற்றவர்கள் விடுமுறையின் பின்னால் போனார்கள்.

அன்றிரவே எல்லோருக்கும் ஃபோன் போட்டார். "புதன் பின்னேரம் என்ர வீட்டை பூசை. ஒராள் வந்தாலும் காணும்." வீட்டிலேயே ஓர் ஆள் இருந்ததால் அவரையும் கேட்டார்.

"எனக்கு ஷிஃப்ட்," என்றார் சரோஜாதேவி. "கடலை ஊறப் போட்டுவிடுறன். ஐயரும் நீங்கள், சனமும் நீங்கள்."

புதன் பின்னேரம் கம்பளத்தின்மேல் பெரிய விரிப்பொன்றை விரித்தார். விளக்கேற்றினார். யாரும் வரவில்லை. மணியை மெதுவாக அடித்துப் பார்த்தார். பிறகு, தெருவுக்கே கேட்கும்படி அடித்தார்.

கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு ஃபிஜித் தமிழர் முன்சாமி.

"மணிச் சத்தம் கேட்டுச்சு. பூஜையா அண்ணே?"

"ஓம், ஓம்! வாரும், முன்னுக்கு இரும்!"

முழு விரிப்பும் காலியாகக் கிடந்தது. முன்சாமி முன்னால் உட்கார்ந்தார், உரக்கப் பாடினார், மூச்சு வாங்க வாங்கத் தோப்புக்கரணம் போட்டார். விநாயகமூர்த்தியின் நெஞ்சு நிமிர்ந்தது. இப்போது இது லத்தீனிலும் செல்லும்.

இரண்டாம் கிண்ணக் கடலையை முடித்துவிட்டு முன்சாமி சொன்னார்: "சனிக்கிழமை ஹில்ஸ்பரோ பூஜைக்கும் போறேன். சரோஜா அக்காதான் கூப்பிட்டாங்க."

"அங்கையுமோ? இண்டைக்குத்தானே கும்பிட்டனீர்!"

"இங்க கடலை. அங்க மோதகமாமே. என் வேன்ல இடமிருக்கு, வர்றீங்களா?"

விநாயகமூர்த்தி காலிக் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "முன் சீற் கிடைக்குமோ?" என்று கேட்டார்.

"அதுல சுப்பம்மா உட்காருவா. பொண்டாட்டியப் பின்னால தள்ள முடியுமா? நீங்க என் பின்னாடி உட்காந்துக்குங்க."

சனிக்கிழமை அப்படியே போனார்.