செயின்ட்-மிஷேலில் இருந்து பால்வெளிக்கு ஒரு மணி நேரம்

ஒட்டாவாவில் பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். வானியல் பாடம் வந்தாலே எனக்குத் தலைவலி. மேகம், குளிர், பெற்றோர் அனுமதி என்று ஏதாவது ஒன்று வந்து நிற்கும். மாண்ட்ரியலில் சுபா என்ற ஆசிரியை, அட்லாண்டிக்குக்கு அப்பால் இருக்கும் ஒரு ரேடியோ தொலைநோக்கியை இணையம் வழியாக இயக்கி, பட்டப்பகலில் பாடம் நடத்துகிறார் என்று கேள்விப்பட்டேன். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

காலை ஏழு மணிப் பேருந்து, இருநூறு கிலோமீட்டர், 38 டாலர். வழி முழுக்கப் பனி கொட்டியதால் இருபது நிமிடம் தாமதமாகி 9.40க்கு இறங்கினேன். நிலையத்துக்கு அடியிலேயே மெட்ரோ இருக்கிறது, பூட்ஸ் நனையாது. 3.75 டாலர் டிக்கெட். ஆரஞ்சுத் தடத்தில் ஜான்-தலோன் வரை போய், நீலத் தடத்துக்கு மாறினால் செயின்ட்-மிஷேல். அங்கிருந்து பன்னிரண்டு நிமிட நடை. (பனியில் எனக்கு இருபது.)

ஒரு சின்னக் கடையின் மாடியில்தான் வகுப்பு. பதினொரு பிள்ளைகள், ஒரு பெரிய திரை.

"உந்தப் பனிக்குள்ள வந்திட்டியளே! முதல் தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்றார் சுபா. கோப்பையை நீட்டும்போது, கணினி முன் உட்கார்ந்திருந்த பெண்ணைக் காட்டி மெதுவாகச் சொன்னார்: "யாழினி. பதினைஞ்சு வயசு. இண்டைக்கு அவளுக்குக் கடைசி வகுப்பு. அடுத்த கிழமையில இருந்து இதே நேரம் கணக்கு ரியூசனாம். தகப்பன் முடிவெடுத்திட்டார்."

தொலைநோக்கி நம் மாடியில் வைக்கும் டிஷ்ஷின் பெரிய அண்ணன் போல, இரண்டரை மீட்டர் அகலம். நட்சத்திரங்களுக்கு இடையே மிதக்கும் ஹைட்ரஜன் வாயு மெலிதான ரேடியோ அலைகளை அனுப்புகிறது. டிஷ் அதைப் பிடித்தால் திரையில் ஒரு மேடு எழும்பும். வெயிலோ மேகமோ அதற்குப் பொருட்டில்லை. எங்களுக்குக் கிடைத்த நேரம் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை.

யாழினி சிக்னஸ் விண்மீன் கூட்டத்தின் திசையைத் தட்டினாள். டிஷ்ஷுக்கு எதிரே வைத்திருக்கும் கேமராவின் படத்தில் அது மெல்லத் திரும்பியது. திரையில் மேடு வரவில்லை. ஊசி போல ஒரு கோடு விருட்டென்று எழுந்தது.

"ஏலியன்!" என்று பின்னாலிருந்து யாரோ கத்த, வகுப்பே எழுந்து நின்றது.

"எனக்கும் என்னெண்டு தெரியேல்லை, பிள்ளையள். எப்பிடிக் கண்டுபிடிக்கலாம்?" என்றார் சுபா. எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருக்கப் பெரும்பாடு பட்டேன்.

யாழினிதான் பதில் சொன்னாள், பள்ளியில் பேசுகிற பிரெஞ்சில். டிஷ்ஷை வேறு பக்கம் திருப்பலாம், வானத்திலிருந்து வருவதென்றால் கோடு மறைய வேண்டும் என்றாள். மூன்று திசைக்குத் திருப்பினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டு நிமிடம் போனது. கோடு அசையவே இல்லை. டிஷ்ஷுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கருவி செய்யும் வேலை! எல்லோருக்கும் முகம் தொங்கிவிட்டது. மணி 11.35.

அந்த நேரம் பார்த்து யாழினியின் அப்பா வந்தார். பனி அள்ளும் வண்டி ஓட்டுபவர். ஜாக்கெட்டில் பனி உருகிச் சொட்ட, கதவருகிலேயே நின்றார்.

"முடிஞ்சுதே?"

"இன்னும் இல்லை அப்பா. பொறுங்கோ."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்தக் கோடு பெரிசு. அதாலதான் மற்றதெல்லாம் தட்டையாத் தெரியுது. அதை வெட்டிப் பாப்பமா?" என்றாள். சுபா தலையாட்டினார். டிஷ்ஷை மறுபடி சிக்னஸ் பக்கம் திருப்பி, ஊசி இருந்த இடத்தை மட்டும் நீக்கிவிட்டுக் காத்திருந்தார்கள். 11.50க்கு ஒரு மேடு எழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று, சின்னதாக. நான் கைதட்டிவிட்டேன், வெட்கமில்லாமல்.

அப்பா இரண்டடி முன்னால் வந்தார். "உது என்ன, ரெண்டு மேடு?"

யாழினி பிரெஞ்சில் தொடங்கி, நிறுத்தி, தமிழுக்கு வந்தாள். "ஹைட்ரஜன், அப்பா. எங்கட பால்வெளியில இருந்து வருது. பெரிசு, கிட்ட இருக்கிற வாயு. மற்றது தூரத்தில, எங்களை நோக்கி வருது. அந்த வேகத்தாலதான் விலகி நிக்குது."

"என்ன வேகம்?"

"கணக்குப் பாக்கோணும்." பலகையில் நான்கு வரி எழுதினாள். "செக்கனுக்கு நாப்பது கிலோமீட்டர் வரும்."

அவர் அந்த நான்கு வரியையும் மெதுவாகப் படித்தார். "இந்தக் கணக்கை எங்க படிச்சனீ?"

"இங்கதான்."

பன்னிரண்டுக்கு இணைப்பு துண்டிக்கப்பட்டது. யாழினியின் அப்பாதான் தன் காரில் என்னை மெட்ரோவில் இறக்கிவிட்டார். வண்டியை எடுப்பதற்கு முன் ரியூசன் இடத்துக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை இடம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார்கள். "அப்ப வியாழன் பின்னேரம்?" என்றார். பின் இருக்கையிலிருந்து யாழினி முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "ஓம், ஓம், சரி" என்று அவர் சொன்னதும்தான் சீட் பெல்ட் பூட்டும் சத்தம் கேட்டது.

உங்கள் வகுப்புக்கும் இதைச் செய்ய நினைத்தால், மாணவர்களுக்கு இலவசமாகத் திறந்துவிடும் இப்படிப்பட்ட தொலைநோக்கிகள் இருக்கின்றன. சுபா இரண்டு வாரம் முன்பே பதிகிறார். நீங்கள் பார்க்கப்போகும் திசை அந்த நேரத்தில் தொலைநோக்கி இருக்கும் ஊரில் அடிவானத்துக்கு மேலே இருக்கிறதா என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கோடு வந்தால் உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள், எவ்வளவு நாக்கு அரித்தாலும். என் வகுப்புக்கு நான் இரண்டு மணி நேரம் பதிந்திருக்கிறேன். முதல் மணி நேரம் முழுக்கத் தப்பாகவே போகட்டும்.